மொட்டைக் கடுதாசியின் நியாயம்

சென்னைக்கு வெளியே ஒரு கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்தேன். அங்கே கேன்டீன் வாசலில் ஒரு தகரப் பெட்டி தொங்கும். சிவப்புப் பெயின்ட், சின்னப் பூட்டு, மேலே ‘ஆலோசனைப் பெட்டி’ என்று எழுத்து. பெயர் எழுத வேண்டாம், மனசில் பட்டதைத் தைரியமாக எழுதிப் போடுங்கள் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்கள். பெட்டிக்கு நேர் மேலே கேமரா இருந்ததை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை நாங்களே பார்த்துக்கொண்டோம்.

ஒருநாள் அதில் நிஜமாகவே ஒரு கடிதம் விழுந்தது. இரவு ஷிஃப்டுக்கு வருவது பகலில் மிஞ்சிய சாப்பாடு, சோறு ஊசிப்போயிருக்கிறது, கேன்டீன் கான்ட்ராக்டை எடுத்திருப்பவர் மேனேஜருக்குச் சொந்தம். இவ்வளவுதான் விஷயம். அடியில் கையெழுத்து இல்லை. மறுநாள் மேனேஜர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்தார். சோறு ஊசிப்போனதா என்று அவர் கேட்கவில்லை. “எழுதினது யாரு?” என்றார்.

கேமராவில் ஒன்றும் சிக்கவில்லை. ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக் கூட்டத்தில் யாரோ போட்டிருந்தார்கள். கையெழுத்தை வைத்தும் பிடிக்க முடியவில்லை. அச்சு மாதிரி எழுத்து எழுத்தாக எழுதியிருந்தது. காட்டிக்கொடுத்தது ஒரே ஒரு சொல். ‘வெஞ்சனம் ஊசிப்போயிருக்கு’ என்று ஒரு வரி இருந்தது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற கறியைச் சென்னைப் பக்கம் யார் வெஞ்சனம் என்கிறார்கள்? விருதுநகர், சிவகாசிப் பக்கத்துப் பேச்சு அது. எங்கள் பிரிவில் அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் அந்த வாரம் முழுக்க லீவு.

மிச்சமிருந்த அண்ணனுக்கு மெமோ எதுவும் வரவில்லை. மூன்று மாதம் ஒரேயடியாக இரவு ஷிஃப்ட் போட்டார்கள். அப்புறம் குடோனுக்கு மாற்றினார்கள். அப்புறம் அவராகவே ‘சொந்தக் காரணங்களுக்காக’ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கம்பெனியின் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வரி கிடைக்காது.

பெயர் சொல்லாமல் பேசுவது தொழிலாளிக்கு ஏன் தேவைப்படுகிறது, அது எவ்வளவு சுலபமாக உடைகிறது என்ற இரண்டுமே இதற்குள் இருக்கின்றன. 

குடுமி சிக்கினால்

கையெழுத்தில்லாமல் மொட்டையாக முடிகிற கடிதத்துக்கு நம் ஊரில் மொட்டைக் கடுதாசி என்று பெயர். யோசித்துப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். ஒருவரை அடக்கிவைத்திருப்பதை ‘அவன் குடுமி என் கையில்’ என்று சொல்கிறோம். மொட்டைத் தலையில் பிடித்து இழுக்க எதுவும் இல்லை.

மேலிடத்தைப் பற்றி ஒரு குறை வெளியே வந்தால், மேலிடத்துக்கு இரண்டு வழி உண்டு. குறைக்குப் பதில் சொல்லலாம், அல்லது சொன்ன ஆளைப் பிடிக்கலாம். பதில் சொல்வது செலவு பிடித்த வேலை: கணக்கைத் திறக்க வேண்டும், கான்ட்ராக்ட் யாருக்குப் போனது என்று விளக்க வேண்டும். ஆளைப் பிடிப்பதற்கு ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போதும். பெயரை எடுத்துவிட்டால் இந்த மலிவான வழி அடைபடுகிறது. சொன்னவர் இல்லை, சொன்ன விஷயம் மட்டும் மேஜைமேல் கிடக்கிறது. பெயரில்லாப் பேச்சு செய்கிற வேலை முக்கியமாக இதுதான்.

இது எல்லோருக்கும் ஒரே அளவு தேவையா என்றால் இல்லை. ஒரு கடையைத் திட்டுகிற வாடிக்கையாளர் நாளைக்கு எதிர்க்கடைக்குப் போய்விடுவார். முதலாளியைக் குறை சொல்கிற தொழிலாளிக்கு அப்படி இல்லை. சம்பளம், இன்கிரிமென்ட், குவார்ட்டர்ஸ், அடுத்த கம்பெனியிலிருந்து விசாரிக்க வரும் போன் என்று எல்லாமே யாரைக் குறை சொன்னாரோ அவர் கையில் இருக்கின்றன. வயிற்றில் அடிப்பது என்று நாம் சொல்வது இதைத்தான். அந்த அடிக்குத் தண்டனை என்று பெயர் வைக்கவும் தேவையில்லை. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றினாலும் காகிதத்தில் அது ‘நிர்வாகக் காரணம்’தான். நீதிமன்றத்துக்கே போனாலும் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

“உண்மையைத்தானே சொல்கிறாய், பெயரைப் போட என்ன பயம்? மடியில் கனமில்லேன்னா வழியில் பயம் எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. பழமொழியை ஒருமுறை நின்று கேட்டால், பணத்தை மடியில் கட்டிக்கொண்டு கள்ளர் வழியில் போகிறவனைப் பற்றியது அது. வீட்டுக் கடன், பிள்ளையின் ஸ்கூல் பீஸ், அப்பாவின் மருந்துச் செலவு எல்லாம் மடியில் இருக்கிற ஆள் வழியில் பயப்படத்தான் செய்வார். அந்தப் பயத்துக்கும் பொய்க்கும் சம்பந்தமில்லை.

வட்டமாகப் போட்ட கையெழுத்து

பழைய பாய்மரக் கப்பல்களில் மாலுமிகளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. உணவு மோசம், சம்பளம் வரவில்லை என்று கேப்டனிடம் மனு கொடுக்க வேண்டும். மனுவில் முதல் கையெழுத்து யாருடையதோ அவன்தான் கலகத்தலைவன் என்று கேப்டன் முடிவு கட்டிவிடுவார். கடலில் கலகத்துக்குத் தண்டனை தூக்கு. அதனால் மாலுமிகள் மனுவைச் சுற்றி வட்டமாகக் கையெழுத்துப் போட்டார்கள். வட்டத்துக்கு முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது.

இதே யோசனை ஜப்பானிய விவசாயிகளுக்கும் தோன்றியிருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்ததாகத் தெரியவில்லை. ஒரே நெருக்கடி, ஒரே விடை. அங்கே அதற்குக் ‘கராகசா’ என்ற காகிதக் குடையின் பெயர். விரித்த குடையின் கம்பிகள் மாதிரி நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பெயர்கள் ஓடும். 1754இல் குஜோ என்ற பகுதியில் வரி உயர்வை எதிர்த்து எழுந்த விவசாயிகள் இப்படிக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் பெயர்பெற்றவை. போராட்டம் சில ஆண்டுகள் நீண்டது. கடைசியில் அந்தப் பகுதிப் பிரபுவின் ஆட்சியுரிமை பறிபோனது. முன்னின்ற விவசாயிகள் பலருக்கு மரண தண்டனையும் கிடைத்தது. குடை எல்லா மழைக்கும் தாங்கவில்லை.

இந்த வட்டத்தில் பெயர் மறைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாப் பெயரும் இருக்கிறது. யார் ஆரம்பித்தது என்பது மட்டும் இல்லை. பெயரில்லாப் பேச்சு என்பது முகமூடி போட்ட ஒற்றை ஆள் மட்டுமல்ல, கூட்டத்துக்குள் கரைவதும் அதில் ஒரு வகைதான். தொழிற்சங்கம் என்ற யோசனையிலேயே இதில் ஒரு பங்கு இருக்கிறது. ‘கேன்டீன் சோறு சரியில்லை’ என்று முருகேசன் சொன்னால் அது முருகேசனின் பிரச்சினை. சங்கம் சொன்னால் முருகேசனைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் சங்கத்தில் சேர்ந்திருப்பதே வேலையைப் பறிக்கும் என்ற காலமும் இருந்தது. 1869 டிசம்பரில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் துணி வெட்டும் தொழிலாளர்கள் சிலர் யூரியா ஸ்டீபன்ஸ் என்பவர் தலைமையில் ‘நைட்ஸ் ஆஃப் லேபர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சங்கத்தில் சேர்ந்தவர்களின் பெயரை முதலாளிகள் கறுப்புப் பட்டியலாக எழுதித் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட காலம் அது. ஒரு ஆலையில் துரத்தப்பட்டவனுக்கு ஊரில் எந்த ஆலையிலும் வேலை கிடைக்காது. அதனால் உறுப்பினர்களின் பெயரோடு அமைப்பின் பெயரையே மறைத்துவிட்டார்கள். அறிவிப்புகளில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஐந்து நட்சத்திரக் குறி மட்டும் இருக்கும். கூட்டம் எங்கே, எப்போது என்பதை நடைபாதையில் சாக்பீஸ் குறியாகப் போட்டுவிடுவார்கள். 1880களின் தொடக்கத்தில்தான் இந்த ரகசியத்தைக் கைவிட்டார்கள். 1886 வாக்கில் உறுப்பினர் எண்ணிக்கை ஏழு லட்சத்தைத் தொட்டது. ரகசியத்தை விட்டதும் வளர்ந்தார்கள் என்று இதைப் படிக்கலாம். ரகசியம் இல்லாவிட்டால் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடம் தாக்குப்பிடித்திருப்பார்களா என்றும் கேட்கலாம். எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

பட்டியல் கேட்ட அரசு

1950களின் அமெரிக்கத் தென்மாநிலங்களைப் பார்த்தால் பெயரின் விலை என்ன என்பது பட்டவர்த்தனமாகத் தெரியும். கறுப்பின மக்களின் உரிமைக்காக நீதிமன்றத்திலும் வெளியிலும் போராடிய பெரிய அமைப்பு என்ஏஏசிபி. 1956இல் தெற்குக் கரோலினா மாநிலம், இந்த அமைப்பின் உறுப்பினர் யாரும் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை தன் உறுப்பினர் அட்டையை மறைக்க மறுத்தார். நாற்பது வருட ஆசிரியர் வேலை போனது, பென்ஷனும் போனது. ஒளிக்காமல் நின்றதற்காக அவரைக் கும்பிடலாம். அதே பள்ளிகளில் வேலை பார்த்த மற்ற ஆசிரியர்களும் அதைச் செய்ய வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அதே 1956இல் அலபாமா மாநிலத்தின் அரசு வழக்கறிஞர் ஜான் பேட்டர்சன் அந்த அமைப்பின்மேல் வழக்குப் போட்டார். மாநிலத்தில் உள்ள எல்லா உறுப்பினர்களின் பெயரும் முகவரியும் வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. மற்ற ஆவணங்களைத் தருகிறோம், சாதாரண உறுப்பினர்களின் பட்டியலைத் தரமாட்டோம் என்றது அமைப்பு. அபராதம் ஒரு லட்சம் டாலர். அந்தக் காலத்து ஒரு லட்சம். 1958 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. உறுப்பினர்களின் பெயர் வெளிவந்தபோதெல்லாம் அவர்கள் வேலையை இழந்திருக்கிறார்கள், மிரட்டப்பட்டிருக்கிறார்கள். பட்டியலைக் கேட்பதே கூட்டம் சேரும் உரிமையை முடக்குவதாகும் என்றது தீர்ப்பு. வாயைத் திறக்காதே என்று சட்டம் போட வேண்டியதில்லை, பெயரை எழுதிக் கொடு என்றாலே போதும் என்பதை நீதிபதிகள் புரிந்துகொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1960இல், இன்னொரு வழக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஒருவர் துண்டு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். கறுப்பினத்தவருக்கும் மெக்சிகோக்காரர்களுக்கும் ஆசியர்களுக்கும் சமமாக வேலை கொடுக்க மறுக்கும் நிறுவனங்களின் சரக்கை விற்கும் கடைகளைப் புறக்கணியுங்கள் என்பது நோட்டீஸின் சாரம். நகரச் சட்டப்படி நோட்டீஸில் அச்சிட்டவர், விநியோகிப்பவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். சட்டம் கேட்டபடி அவை இல்லை. அபராதம் பத்து டாலர். உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தையே தூக்கிப்போட்டது. ஒடுக்கப்பட்ட கூட்டத்தார் வரலாறு நெடுக அதிகாரத்தைக் குறை சொன்னது பெயர் சொல்லாமல்தான். அந்த வழியும் இல்லாதபோது வாய்மூடி இருந்தார்கள் என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார்.

இந்தத் தீர்ப்புகளை வைத்து அமெரிக்கத் தொழிலாளிக்குப் பெரிய கவசம் கிடைத்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். இவை அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகின்றன. தனியார் முதலாளி ‘எழுதினது யாரு’ என்று கேட்பதை இவை தடுப்பதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் சட்டம் மாதிரி ஒன்று நமக்குப் பழக்கமானதுதான். சுவரில் ஒட்டிய போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அச்சகத்துக்காரர் விளம்பரத்துக்காகப் போட்டுக்கொண்டது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். 1867இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று சொன்னது. 1857 கலகம் முடிந்து பத்தே வருடம். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தச் சட்டம் நம்மோடு இருந்தது; 2023இல்தான் அதற்குப் பதிலாக வேறு சட்டம் வந்தது. தேர்தல் நேரத்து நோட்டீஸுக்குத் தனியாக மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு இருக்கிறது: அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை. தேர்தலில் யார் பணத்தில் யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்கு நியாயம் உண்டு. கட்சிக்காரரும் கூலித் தொழிலாளியும் ஒரே விதிக்குள் வருகிறார்கள் என்பதுதான் இடிக்கிறது.

கவரின் மேல் எழுதாதீர்கள்

இந்திய அரசு ஊழியரின் நிலைமை இன்னும் விசேஷமானது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 9ஆம் விதி, அரசின் கொள்கையையோ செயலையோ பாதகமாக விமர்சிக்கக் கூடாது என்கிறது. அதோடு நிற்கவில்லை. சொந்தப் பெயரிலோ, பெயரில்லாமலோ, புனைபெயரிலோ, இன்னொருவர் பெயரிலோ வெளியிடும் எதிலும் கூடாது என்று வழியெல்லாம் அடைத்து வைத்திருக்கிறது. விதி எழுதியவருக்குத் தன் ஊழியர்கள் எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. அரசு வேலையில் இருந்துகொண்டு புனைபெயரில் எழுதியவர்கள் தமிழிலேயே எத்தனை பேர்!

சரி, வெளியே பேச வேண்டாம், ஊழலைப் பற்றி உள்ளேயே மேலிடத்துக்கு எழுதலாமே? எழுதலாம். மொட்டையாக எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும். கையெழுத்தில்லாத புகார்களின்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999இல் உத்தரவிட்டது. நேர்மையான அதிகாரிகளை மிரட்ட மொட்டைப் பெட்டிஷன் பயன்படுகிறது என்பது காரணம். காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை.

இந்தச் சூழலில்தான் சத்யேந்திர துபே வருகிறார். கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சார்பில் பீகார், ஜார்க்கண்ட் பகுதியில் வேலை. சாலைப் பணியில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். கடிதம் மொட்டையாக இருந்தால் மதிக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பெயரைப் போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதனால் தன் விவரத்தைத் தனித்தாளில் இணைத்து, பெயரை ரகசியமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆனால் கடிதமும் விவரத்தாளும் சேர்ந்தே அமைச்சகம், ஆணையம் என்று மேஜை மேஜையாகப் போயின. அவர் யாரைப் பற்றிப் புகார் சொன்னாரோ அந்த வட்டாரத்துக்குள்ளேயே அவர் பெயர் வந்து சேர்ந்தது. 2003 நவம்பர் 27 அதிகாலை, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ரயிலில் வந்து இறங்கியவர், கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிபிஐ விசாரித்து, இது வழிப்பறிக் கொலை என்றது. 2010இல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. அந்த முடிவைப் பலர் இன்றும் ஏற்கவில்லை. அதை ஏற்றுக்கொண்டாலும்கூட, ரகசியமாக வையுங்கள் என்று கெஞ்சியவரின் பெயரை ஊர் சுற்றவிட்ட தவறு அப்படியேதான் இருக்கிறது.

புதிதாக இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. பெயரில்லாமல் பேசுவது ஒன்று; பெயரை ஒருவரிடம் மட்டும் சொல்லி, அவர் வெளியே விடாமல் காப்பது இன்னொன்று. முதலாவதில் யாரையும் நம்ப வேண்டியதில்லை. இரண்டாவதில் ஒருவருடைய மேஜை டிராயரையும் வாயையும் நம்பியாக வேண்டும். துபே இரண்டாவதைத்தான் கேட்டார். பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த இரண்டாவது வகைதான்: புகாரைப் பெயரோடு எழுத்தில் கொடுக்க வேண்டும், பெயரை வெளியிட்டால் வெளியிட்டவருக்குத் தண்டனை.

துபே இறந்த பிறகு 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம், பெயரை அவர்கள் காப்பார்கள். அனுப்பும் முறையைப் படித்தால் யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். மூடி ஒட்டிய கவர். மேலே இது பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று எழுத வேண்டும். அனுப்புநர் பெயரை மட்டும் கவரின்மேல் எழுதவே கூடாது. பெயர் உள்ளே கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்க வேண்டும், அந்தப் பகுதியை மறைத்துவிட்டுத்தான் புகார் அடுத்த கைக்குப் போகும். பெற்றுக்கொண்டோம் என்று பதில் கடிதம்கூட வராது, ஏனென்றால் அந்தப் பதிலே காட்டிக்கொடுத்துவிடும். முழு மொட்டைக்கு இங்கேயும் இடமில்லை. இதைப் பலப்படுத்துவதற்காக வந்த தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பத்து வருடம் கடந்தும் சட்டம் அமலுக்கு வரும் தேதியை அரசு அறிவிக்கவில்லை.

கல்யாணத்தைக் கலைக்கும் கடிதம்

இவ்வளவு சொன்ன பிறகு, மொட்டைக் கடுதாசிக்கு நம் ஊரில் ஏன் நல்ல பெயர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிச்சயமான பெண்ணைப் பற்றி மாப்பிள்ளை வீட்டுக்கு வரும் கடிதத்தை நினைத்தால் யாருக்கும் வயிறு எரியும். எழுதியவன் எங்கோ உட்கார்ந்து சிரிப்பான், அழுவது ஒரு குடும்பம். வெனிஸ் நகரக் குடியரசில் அரண்மனைச் சுவரிலேயே வாய்பிளந்த முகங்களைச் செதுக்கி வைத்திருந்தார்கள். யார்மேல் வேண்டுமானாலும் புகார் எழுதி அந்த வாயில் போடலாம். கையெழுத்தில்லாத புகாரை ஏற்பதற்குக் கடைசியில் வெனிஸ் சட்டமே கெடுபிடி வைக்க வேண்டியதாயிற்று.

நான் இதைப் பார்க்கும் விதம் இது. கடிதம் எந்தத் திசையில் போகிறது? பலமில்லாதவரிடமிருந்து பலமுள்ளவரை நோக்கியா, அல்லது ஒளிந்திருப்பவர் ஏற்கெனவே பலவீனமான ஒருவரை நோக்கியா? அப்புறம், சொல்லப்பட்ட விஷயத்தைச் சொன்னவர் யார் என்று தெரியாமலே சரிபார்க்க முடியுமா? ‘சோறு ஊசிப்போகிறது’ என்பதை நாளைக்கு இரவு கேன்டீனுக்குப் போய் முகர்ந்து பார்த்தால் முடிந்தது. ‘அந்தப் பெண் நடத்தை சரியில்லை’ என்பதை அப்படிப் பார்க்க முடியாது. ஓர் ஆளின் சொல்லை நம்பித்தான் அது நிற்கிறது என்றால், அந்த ஆள் யார் என்று கேட்பது நியாயம். மிரட்டல் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: பெயரை மறைத்து மிரட்டினால் மிரட்டலுக்கான தண்டனையோடு இன்னும் இரண்டு வருடம் வரை கூடுதல் சிறை என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. மறைந்து நின்று மிரட்டுபவனையும் மறைந்து நின்று குறை சொல்பவனையும் ஒரே தராசில் வைக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

எத்தனை பேரில் ஒருவர்?

பெயரை எழுதாமல் விட்டால் பெயர் மறைந்துவிடும் என்பது ஆரம்பக்காரர்களின் நம்பிக்கை. ‘இது எத்தனை பேரில் ஒருவர் எழுதியிருக்க முடியும்?’ என்பதுதான் சரியான கேள்வி. ஐந்நூறு பேர் என்றால் கவசம் கெட்டி. கடிதத்தில் இரவு ஷிஃப்ட் என்று ஒரு சொல் விழுந்தால் நூற்றைம்பது. வெஞ்சனம் என்று ஒரு சொல் விழுந்தால் இரண்டு. ஒருவர் லீவு என்றால் கவசமே இல்லை.

2017இல் அமெரிக்க உளவுத்துறைக்கு ஒப்பந்த முறையில் வேலை பார்த்த ரியாலிட்டி வின்னர் ஒரு ரகசிய ஆவணத்தைச் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினார். ரகசிய ஆவணத்தை வெளியிடுவது வேறு வகை விவகாரம், அதற்குள் போகவில்லை. பிடிபட்ட விதம் மட்டும் நமக்குப் பாடம். அந்த ஆவணத்தைப் பிரின்ட் எடுத்தவர்கள் மொத்தம் ஆறே பேர் என்று அலுவலகக் கணினிப் பதிவு சொன்னது. அந்த ஆறு பேரில் அந்தச் செய்தி நிறுவனத்தோடு மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்தவர் ஒருவர்தான். வேலை முடிந்தது. வெளியான பிரதியில் கண்ணுக்குத் தெரியாத பொடி மஞ்சள் புள்ளிகளும் இருந்தன. பல கலர் பிரின்டர்கள் எந்த மெஷினில், எந்த நேரத்தில் அச்சானது என்பதை ஒவ்வொரு தாளிலும் இப்படிப் புள்ளியாகக் குத்திவிடுகின்றன. அவருக்கு 63 மாதச் சிறை. ஆகவே அலுவலகக் கணினியிலும் அலுவலக பிரின்டரிலும் அலுவலகத்தைப் பற்றிப் புகார் எழுதுவது, கேமராவுக்கு நேரே நின்று பெட்டியில் போடுவதற்குச் சமம்.

செல்போனில் எழுதினால் தப்பலாமா? 2021இல் இந்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்லும் வசதியை வைத்திருக்க வேண்டும். கடுமையான குற்றங்களுக்கு மட்டும், உத்தரவு இருந்தால் மட்டும் என்று வரம்பு உண்டு. வாட்ஸ்அப் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒருவரைக் கண்டுபிடிக்கும் வசதியைச் செய்துவைத்தால் அது எல்லோரையும் கண்டுபிடிக்கும் வசதிதான் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

முதலாளி ‘எழுதினது யாரு’ என்று கேட்டதே அபராதத்தில் முடிந்த சம்பவம் ஒன்றும் உண்டு. 2016இல் லண்டனின் பார்க்லேஸ் வங்கிக்கு, புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்ட ஓர் உயரதிகாரியைப் பற்றிப் பெயரில்லாத கடிதங்கள் வந்தன. வங்கியின் தலைமை நிர்வாகி ஜெஸ் ஸ்டேலி, எழுதியவரைக் கண்டுபிடிக்கும்படி வங்கியின் பாதுகாப்புப் பிரிவை ஏவினார். அவர்கள் அமெரிக்கக் காவல் அமைப்பு ஒன்றின் உதவிவரை போனார்கள். விஷயம் வெளியே வந்ததும் பிரிட்டிஷ் கண்காணிப்பு அமைப்புகள் 2018இல் அவருக்கு 6,42,430 பவுண்டு அபராதம் போட்டன. வங்கி அவருடைய போனஸில் 5 லட்சம் பவுண்டைப் பிடித்துக்கொண்டது. அதே வருட டிசம்பரில் நியூயார்க் மாநில நிதித்துறை வங்கிக்கு ஒன்றரைக் கோடி டாலர் அபராதம் விதித்தது. வேலை மட்டும் போகவில்லை. அந்த நாற்காலியில் அவர் இன்னும் மூன்று வருடம் இருந்தார்.

அவ்வளவு தேடியும், அந்தக் கடிதத்தை எழுதியவர் யாரென்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.